கண்மாய்ல சீமைக்கருவேலத்த மொத்தமா வழிச்சுப்புடலாமா? ஊர்க்கூட்டம் வருது, கருத்து சொல்லுங்க

செம்மண்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் நடுவுல உள்ள ஊரு நம்மளது. பேரு வேணாம், சொன்னா நாளைக்கே வீட்டு வாசல்ல வந்து நிப்பாக. ஊருக்கு ஒரு கண்மாய், ஒரு ஊருணி, கண்மாய்க்கு மேக்க அய்யனார் கோயில் காடு. கண்மாய் உள்வாய் பூராம் சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கு, ஆடு கூட உள்ள போயிட்டு முள்ளுக் கீறித்தான் வெளிய வருது. இப்ப ஒரு வியாபாரி வந்து மொத்த மரத்தையும் நானே எடுத்துக்கிறேன், ஜேசிபி வச்சு வேரோட பிடுங்கி மட்டம் பண்ணித் தாரேன், கோயிலுக்கும் ஒரு தொகை கட்டிர்றேன்கிறார். கூடவே கோயில் காட்டுல கெடக்குற "புதரையும்" கிளீன் பண்ணி சிமெண்ட் தளம் போட்டு சுத்தி பூச்செடி வச்சா நல்லாருக்கும்னு நம்ம ஆளுங்களே ஒரு ரோசனைய சேத்து விட்டாக. பெரியவுக பாதிப்பேரு சரிங்குறாக. எனக்கு உறுத்துறது என்னன்னா, கொஞ்ச வருசமா கண்மாய் நடுவுல நிக்கிற மரங்கள்ல நத்தை குத்தி நாரையும் கொக்கும் வந்து கூடு கட்டுது, அதுவும் போயிருமே. கூட்டத்துல பேசணும்னா வெவரம் வேணும், சும்மா பறவை பாவம்னு சொன்னா சிரிப்பாக. தெரிஞ்சவுக சொல்லுங்க.

வெட்டு_ஒண்ணு:
இதுல கேக்க என்னப்பா இருக்கு, வெட்டித் தள்ளுங்க. அது மரமே கிடையாது, பிசாசு. காத்துல உள்ள ஈரத்தையே உறிஞ்சிரும், நெழல்ல கட்டுன மாடு மலடாப் போகும். நம்ம நாட்ட பாலைவனமாக்க வெளிநாட்டுக்காரன் திட்டம் போட்டு விதைய தூவுனான். வாட்ஸப்புல எத்தன தடவ வந்துருச்சு.

பாட்டனி_வாத்தியார்:
தம்பி, வாட்ஸப்புல வந்ததத்தான் முதல்ல வெட்டணும். காத்து ஈரத்த உறிஞ்சுது, மாட்ட மலடாக்குது, இதுக்கெல்லாம் ஆதாரம் ஒண்ணும் கெடையாது. அந்த நெத்துக்காயத் தின்னுதான் கோடைல பாதி ஆடு மாடு பொழைக்குது. வெளிநாட்டுச் சதியும் இல்ல. மெக்சிகோ, தென்னமெரிக்கா பக்கத்து மரம், 1870கள்லயே இந்தியாவுக்குள்ள வந்துருச்சு, பின்னாடி விறகுப் பஞ்சத்துக்கு ஆகும்னு வறண்ட மாவட்டங்கள்ல நம்ம ஆளுங்களே விதை போட்டு வளத்தாங்க.

அதுக்காக அது நல்ல மரம்னு நான் சொல்லல. அது செய்ற கெடுதி வேற மாதிரி. கீழ ஒரு புல்லு பூண்ட மொளைக்க விடாது, ஆழமா வேர் விட்டு அடித்தண்ணிய எடுக்கும், வெட்டுனா அடிக்கட்டைலருந்து பத்துக் கொப்பு வெடிக்கும், ஆடு தின்னு போடுற புழுக்கைல விதை நோகாம மொளைக்கும். அதனால இன்னைக்கு வழிச்சிட்டு அப்படியே போட்டுட்டா, மண்ணுக்குள்ள கெடக்குற விதை ரெண்டு மழைல திரும்ப எந்திரிக்கும், இந்தத் தடவ இன்னும் அடர்த்தியா. மதுரை ஹைகோர்ட் கிளை 2017ல எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, அந்த வருசம் மாவட்டம் பூரா ஜேசிபி ஓடுச்சு, எத்தன கண்மாய்ல அது திரும்ப நிக்குதுன்னு பஸ்ல போறப்ப எட்டிப் பாருங்க. 2022ல தமிழ்நாடு அரசு இந்த மாதிரி அந்நியத் தாவரங்களுக்குன்னே தனியா ஒரு கொள்கை கொண்டுவந்துச்சு, அதுல அழிக்கிறதோட நிறுத்தல, நம்ம மரங்கள அந்த எடத்துல திரும்பக் கொண்டுவரணும்னும் இருக்கு. நம்ம ஊர்க்காரவுக முதல் பாதியோட நிப்பாட்டிக்கிறாக.

வெட்டு_ஒண்ணு:
அப்ப வெட்டவா வேணாமா, ஒரு வார்த்தைல சொல்லுங்க சார். பரிச்சைப் பேப்பரா இது.

பாட்டனி_வாத்தியார்:
வெட்டணும். மொத்தமா இல்ல, ஒரே வருசத்துல இல்ல. இது ரெண்டு வார்த்தைக்கு மேல போயிருச்சு, மன்னிக்கணும்.

கரிமூட்டம்:
எல்லாரும் மரத்தப் பத்திப் பேசுறீங்க, அத வச்சுச் சோறு திங்கிறவனப் பத்தி ஒருத்தரும் பேசல. எங்க அப்பா கரி மூட்டம் போட்டுத்தான் எங்க மூணு பேரையும் படிக்க வச்சாரு. கட்டைய அடுக்கி, வைக்கோலும் தழையும் போட்டு, மேல மண்ணப் பூசி ஓட்டை விட்டுத் தீ வைப்போம், ராத்திரி பகலா பக்கத்துலயே கெடக்கணும், புகை வெள்ளையா திக்கா வந்தா உள்ள இன்னும் ஈரம் இருக்கு, நீலமா மெலிஞ்சு வந்தா வெந்துருச்சுன்னு அர்த்தம், ஓட்டைய அடைக்கணும், ஒரு மணி நேரம் அசந்தா மொத்தமும் சாம்பல். சிவகங்கை, ராமநாதபுரத்துல மானம் பாத்த பூமில மழை பொய்ச்ச வருசமெல்லாம் இந்தக் கரிதான் வீட்ட நடத்துச்சு. சீமைக்கருவேலத்த பிசாசுன்னு சொல்றவுக வீட்டு விசேசத்துக்குக் கிடா வெட்டி அடுப்பு எரியுறது எந்த மரத்துலன்னு பாருங்க.

செம்மண்காரன் தம்பி, வியாபாரிக்கு மொத்தமாக் குடுத்தா அவரு மெசின் வச்சு ஒரு வாரத்துல வழிச்சு லாரில ஏத்தி, மரத்த எரிச்சுக் கரண்டு எடுக்குற பயோமாஸ் பிளாண்ட்டுக்கு அனுப்பிருவாரு. உள்ளூர் ஆளுக்குக் கூலி கூட இல்ல. பகுதி பகுதியா வெட்டுனா ஊருக்கு நாலு வருசத்துக்கு வேலை இருக்கும்.

கலுங்கு:
நான் விவசாயி, கண்மாய்ப் பாசனம்தான். தம்பி, நீங்க எல்லாருமே மரத்தையே சுத்திச் சுத்தி வாறீக. நான் ஒண்ணு கேக்குறேன், உங்க கண்மாய் நெறைஞ்சு கடைசியா மறுகால் போனது எப்ப? மிச்சத் தண்ணி வழியுற கலுங்குல தண்ணி விழுந்து நீங்க கண்ணால பாத்துருக்கீகளா? பாத்துருக்க மாட்டீக. ஏன்னா தண்ணி வரல. தண்ணி வராததுனாலதான் மரம் மண்டுச்சு. வருசா வருசம் நாலு மாசம் நெறைஞ்சு நின்ன கண்மாய்க்குள்ள புதுச் சீமைக்கருவேலங்கன்னு அவ்வளவு சுளுவா எந்திரிக்காது, காஞ்சு கெடந்தாத்தான் அது குடியேறும். நம்ம சீமை வானம் பாத்த சீமை, கொஞ்ச நாள் பேயுற மழைய வச்சு வருசம் ஓட்டணும்னுதான் முன்னோர்கள் கண்மாய்க்குக் கண்மாய் தொடுத்து வச்சாக, மேல உள்ளது நெறைஞ்சு மறுகால் விழுந்தா கீழ உள்ளதுக்கு வரத்து. இந்தத் தொடர்ல எங்கயாச்சும் ஒரு எடத்துல, தண்ணி வந்து சேர்ற வரத்துக்கால அடைச்சா கீழ உள்ள அத்தனை ஊரும் காயும். செட்டிநாட்டு ஊருணியும் அப்படித்தான், வளவுல விழுற மழை, தெருத்தண்ணி, பொட்டல் தண்ணி எல்லாம் ஓடியாந்து சேர்ற மாதிரி வாட்டம் பாத்து ஊரையே கட்டுனாக, இன்னைக்கு அந்த வாட்டத்துல பேவர் பிளாக் போட்டு, சாக்கடைய ஊருணிக்குத் திருப்பி விட்டு, சுத்திக் கம்பி வேலி போட்டு போர்டும் வச்சிருக்கோம்.

அதனால ஜேசிபிய முதல்ல கண்மாய்க்குள்ள எறக்காதீக, வரத்துக்கால்ல எறக்குங்க. வரத்துக்கால் எங்க போகுதுன்னே பாதிப்பேருக்குத் தெரியாது, தெரிஞ்சா அதுல யாரு வீடு கட்டிருக்கா, யாரு பிளாட் போட்டிருக்கான்னு வெளிய வரும், அதனாலதான் எல்லாருக்கும் மரம் வெட்டுறது மட்டும் பிடிச்சிருக்கு. மரம் எதுத்துப் பேசாது.

இன்னொண்ணு. "மட்டம் பண்ணித் தாரேன்"னா உசாரா இருங்க. பக்கத்து ஊர்ல ஒருத்தரு இதே மாதிரி சொல்லிட்டு சவுடு மண்ண இருவதடி ஆழத்துக்கு அள்ளிட்டுப் போயிட்டாரு. வயலுக்குத் தண்ணி தெறக்குற மடைக்குக் கீழ போன பள்ளத்துல நிக்கிற தண்ணி வயலுக்கு ஏறாது. வண்டலுக்குக் கீழ செம்பாறை வந்துட்டா தண்ணியும் நிக்காது. அது போக நீச்சல் தெரியாத பிள்ளைக விழுந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சிங்கப்பூர்_வளவு:
இந்த இழை பாத்து ரொம்ப சந்தோசம். எங்க ஐயா காலத்துல வெட்டுன ஊருணி இன்னமும் எங்க ஊர்ல இருக்கு. நாங்க சில பங்காளிகள் சேந்து உங்க கண்மாய்ல ஒரு மியாவாக்கி காடு போட நிதி தரத் தயாரா இருக்கோம். ஐயாயிரம் கன்னு வைக்கலாம். ட்ரோன் வீடியோ மட்டும் எடுத்து அனுப்பணும்.

ஊத்தா:
ட்ரோனுக்குத்தான் காடு போல 😂

பாட்டனி_வாத்தியார்:
அண்ணே, மனசு பெருசு, கும்பிட்டுக்கிறேன். ஆனா கண்மாய்க்குள்ள காடு போடக் கூடாது, அது தண்ணி நிக்கிற எடம். மியாவாக்கி, ஜப்பான்ல அகிரா மியாவாக்கிங்கிற தாவரவியல் அறிஞர் கொண்டுவந்த முறை, நெருக்கி நெருக்கி நம்ம நாட்டு மரமா வச்சு ரெண்டு மூணு வருசம் தண்ணி ஊத்தி வளக்கணும். பொட்டலாக் கெடக்குற பள்ளிக்கூட மைதான ஓரத்துல போடுங்க, நல்லது. ஏற்கெனவே காடு இருக்குற ஊர்ல அந்தக் காட்ட அழிச்சிட்டு இன்னொரு பக்கம் செயற்கையாக் காடு போடுறதுதான் எனக்குச் செரிக்கல. அந்தக் காச வரத்துக்கால் அளக்குறதுக்கும், நாட்டுக் கருவேலங்கன்னு, மருது, நீர்க்கடம்பு கரையோரம் வைக்கிறதுக்கும் குடுங்களேன்.

சிங்கப்பூர்_வளவு:
வரத்துக்கால் அளக்குறதுக்கு நிதின்னு சொன்னா பங்காளிகள் யாரும் கையெழுத்துப் போட மாட்டாக, மரம்னா போடுவாக. உண்மையச் சொல்றேன். கேட்டுப் பாக்குறேன்.

கூழைக்கடா:
பறவை பாக்கப் போற ஆளு நான், அதனால ஒண்ணு சொல்லிட்டுப் போயிர்றேன். செம்மண்காரன் சொல்ற எடத்துக்குப் பக்கத்துலயே கொள்ளுக்குடிப்பட்டி இருக்கு. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி கண்மாய் மூணும் சேந்ததுதான் வேட்டங்குடி சரணாலயம், 1977ல அறிவிச்சது, மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம். அங்க உள்ள சனங்க தீவாளிக்கு வெடி போடுறதில்ல, பறவை பயந்துரும்னு, பல வருசமா. வனத்துறை அதுக்காக மிட்டாய் குடுக்கும். சட்டம் போட்டு வந்த பழக்கம் இல்ல அது. கூடு எதுலங்கிறீக? கண்மாய்க்குள்ள தண்ணிக்கு நடுவுல நிக்கிற நாட்டுக் கருவேலத்துலதான் பெரும்பாலும். சுத்தித் தண்ணி நின்னா பூனை, கீரி ஏறாது, அதுக்குத்தான் நாரை அந்த எடத்தத் தேடி வருது.

உங்க கண்மாய்ல கூடு இருக்குறது சீமைக்கருவேலமா நாட்டுக் கருவேலமான்னு முதல்ல பாருங்க. ஜேசிபி டிரைவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். நாட்டுக் கருவேலத்துக்குக் காய் மாலை கோத்தாப்புல விதைக்கு விதை இடுக்கிருக்கும், பூ மஞ்ச உருண்டை, மரமும் ஒத்தத் தண்டா நிமிந்து நிக்கும். சீமையோட பூ நீட்டுவாக்குல வெளிறின கதிரு, காய் வழுவழுன்னு நீட்டு, அடியிலயே கொப்புக் கொப்பா பிரியும்.

அப்பறம் காலம். ஐப்பசி கார்த்திகை மழைல கண்மாய் நெறைஞ்ச பெறகு கூடு கட்ட ஆரம்பிக்கும், மாசி பங்குனி வரைக்கும் குஞ்சு இருக்கும். வெட்டுறதா இருந்தா சித்திரை வைகாசி ஆனில வெட்டுங்க. கூடு உள்ள மரம் சீமையாவே இருந்தாலும், பக்கத்துல நாட்டு மரம் வளந்து ஆளாகுற வரைக்கும் அத விட்டு வைங்க.

வெட்டு_ஒண்ணு:
பத்துக் கொக்குக்கு ஒரு கண்மாயவே விட்டுக் குடுக்கணும்னு சொல்றீங்க. மனுசன் குடிக்கத் தண்ணி இல்ல.

கூழைக்கடா:
நத்தை குத்தி பேருலயே இருக்கு, வயல்ல நாத்தக் கடிக்கிற நத்தையத் தின்னுது. அதோட எச்சம் விழுந்த தண்ணி பாயுற வயலுக்கு உரம் கம்மியாப் போட்டாப் போதும்னு அந்த ஊர் விவசாயிகளே சொல்வாக. பறவைய வச்சாத் தண்ணி போயிரும்னு உங்களுக்கு யாரு சொன்னது?

ஊத்தா:
மீனப் பத்தி ஒருத்தனும் பேசல, அதான் நான் வந்தேன். மாசி பங்குனில கண்மாய் வத்துனா மீன்பிடித் திருவிழா, பெரியவரு கரைல நின்னு வெள்ளத் துண்ட வீசுனா சுத்துப்பட்டு சனம் மொத்தமும் மீன் பிடிக்கிற ஊத்தா, கச்சா, அரிகூடையோட எறங்கும். சின்ன வயசுல விரால், கெளுத்தி, குறவை, அயிரைன்னு கலந்து கெடைக்கும். இப்ப எறங்குனா ஜிலேபியும், மீசை வச்ச பெரிய ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான். அந்த ஆப்பிரிக்கக் கெளுத்திய வளக்க 2000லயே இந்தியாவுல தடை போட்டாச்சு, இன்னமும் குத்தகைக்காரன் ராத்திரியோட ராத்திரியா குஞ்சு விடுறான். கறிக்கடைக் கழிவு போட்டே வளத்துருவான், அது மத்த மீனு, தவளை எதையும் விடாது. கரைக்கு மேல சீமைக்கருவேலம்னா தண்ணிக்குள்ள இவன். கண்மாய் குத்தகை விடுறப்ப என்ன மீனு விடலாம்னு ஊர்ல எழுதி வாங்குங்க மாப்ள.

பாட்டனி_வாத்தியார்:
ஊத்தா தம்பி விளையாட்டாச் சொன்னாலும் சரியான எடத்துலதான் கைய வச்சிருக்காரு. பல்லுயிர் பத்தி உலக அளவுல அரசாங்கங்கள் சேந்து நடத்துற அறிவியல் அமைப்பு ஒண்ணு 2023ல அறிக்கை விட்டுச்சு: மனுசனால எடம் மாறிப் போன உயிரினம் 37,000க்கு மேல, அதுல 3,500க்கு மேல கெடுதி பண்றது, இதுவரைக்கும் பூமில அழிஞ்சுபோன உயிரினங்கள்ல 60 சதவீதத்துக்கு இந்த வந்தேறி உயிரினங்களும் ஒரு காரணம். 2022ல மான்ட்ரியல்ல நாடுகள் போட்ட ஒப்பந்தத்துல 2030க்குள்ள புதுசா நுழையுற எண்ணிக்கையப் பாதியாக் குறைக்கணும்னு எழுதிருக்கு. எழுதுறது அங்க, தைலமரம் வைக்கிறது இங்க. புதுக்கோட்டை, சிவகங்கைல ஏக்கர் ஏக்கரா காகித ஆலைக்குன்னு தைலமரம், ஓடுற மழைத்தண்ணிய மறிக்கச் சுத்தி வரப்பு வேற. சீமைக்கருவேலத்தத் திட்டுற வாய் தைலமரத்தத் திட்டாது, ஏன்னா அதுக்கு விலை இருக்கு.

தேவகோட்டை_அக்கா:
எல்லாரும் கண்மாயவே பிடிச்சுக்கிட்டீங்க, எனக்கு வயிறு கலங்குனது கோயில் காட்டுக்கு சிமெண்ட் தளம்கிற வரியப் படிச்சுத்தான். தம்பி, அந்தப் "புதரு" என்னன்னு ஒரு தடவ உள்ள போய்ப் பாத்தியா? செட்டிநாட்டுக் கோயில் காட்டுல நிக்கிறது பெரும்பாலும் வீரை, பாலை, காசான், உசிலை, வெப்பாலை, கீழ காரை, சூரை, சங்கு, கிளுவைனு. காசான் பூத்தா கொப்போட ஒட்டி ஊதாக் கலர்ல கொத்துக் கொத்தா, வெறும் குச்சில யாரோ நூலச் சுத்தி வச்ச மாதிரி இருக்கும். பாலைப்பழம் தின்னா பால் ஒட்டி ஒதடு பிரியாது, எங்க அப்பத்தா உப்பத் தொட்டுத் திங்கச் சொல்லும். இந்த மரமெல்லாம் விரல் மொத்தத்துக்கு வளரவே வருசக்கணக்காகும். எந்த நர்சரிலயும் வாங்கி நட்டு நாளைக்கே கொண்டாற முடியாது. அய்யனாரு காட்டுல அருவா எடுக்கக் கூடாதுன்னு இருந்த பயத்துலதான் இது இவ்வளவு நாள் தப்பிச்சு நிக்குது. இப்ப கும்பாபிசேகம்னு ஒண்ணு வந்துட்டா முதல்ல போறது இந்தக் காடுதான், சாமிக்குக் கிரானைட், மண்குதிரைக்கு எனாமல் பெயிண்டு.

கூட்டத்துல பேச உனக்கு ஒரு வெவரம் தாறேன். பல்லுயிர்ச் சட்டம் 2002ல ஒரு எடத்த பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிக்க வழி இருக்கு. தமிழ்நாட்டுல மொத வந்தது மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, 2022 நவம்பர்ல. அங்கயே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டு, சனம் மொத்தமாக் கெளம்பி நடந்து போய், 2025 சனவரில மத்திய அரசு ரத்து பண்ணுச்சு, அது உனக்கே தெரியும். அடுத்து வந்தது நத்தம் பக்கத்துல காசம்பட்டி, அது மலை கூட இல்ல, ஒரு கோயில் காடு, அஞ்சு ஹெக்டேர் கூட வராது. அவுகளுக்கு முடிஞ்சா உங்களுக்கு ஏன் முடியாது? பஞ்சாயத்துல பல்லுயிர் மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும், பேப்பர்லயாச்சும் இருக்கும். கிராம சபைல தீர்மானம் போட்டு அது வழியாப் போ.

வெட்டு_ஒண்ணு:
அப்பறம் வனத்துறை வந்து சாமி கும்பிடவும் விடாது, ஆடு மேய்க்கவும் விடாது. அனுபவிங்க.

தேவகோட்டை_அக்கா:
அந்தப் பயம் நியாயந்தான், ஒன்னய மட்டும் சொல்லல, எங்க ஊர்லயும் கேட்டாக. பாரம்பரியத் தலம்னா வனத்துறைக் காடாகிராது. வழக்கமா நடக்குற கும்புடு, மண்குதிரை தூக்கிட்டுப் போற புரவி எடுப்பு எல்லாம் நடக்கும். வெட்டக் கூடாதுங்கிறத அய்யனாரு ஏற்கெனவே சொல்லிட்டாரு, இப்ப அரசாங்கமும் சொல்லுது, அவ்வளவுதான்.

செம்மண்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து கூட்டம் முடிஞ்சுச்சு, அடிதடி மட்டும்தான் இல்ல. கோயில் காட்டுல கை வைக்கிறதில்லன்னு ஆயிருச்சு. நான் பேசுனதால இல்ல, பூசாரி எந்திரிச்சு "அருவா எடுக்குறவன் எடுத்துட்டு வீடு போய்ச் சேந்துக்கிறட்டும்"னு ஒரே வரி சொன்னாரு, அதுக்கு மேல யாரும் வாயத் தெறக்கல. சட்டம்லாம் நான் தனியாப் பேசிக்கிறேன் அக்கா, கிராம சபை வரட்டும்.

கண்மாய்ல இந்த வருசம் கரையோரமும் மடைப்பக்கமும் மட்டும் எடுக்குறது, கூடு உள்ள மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சு வைக்கிறது. கூழைக்கடா சொன்ன அடையாளத்த வச்சுப் பாத்தேன், கூடு உள்ளதுல முக்கால்வாசி நாட்டுக் கருவேலம்தான். வியாபாரி மொத்தமா இல்லேன்னா எனக்குக் கட்டாதுன்னு கெளம்பிட்டாரு. அதனால கோயிலுக்கு வர வேண்டிய காசு போச்சுன்னு பாதிப்பேரு என் மேல காண்டா இருக்காக. கலுங்கு ஐயா, வரத்துக்கால் பேச்ச எடுத்தேன், ஒருத்தரு சட்டுன்னு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. யாருன்னு சொல்ல வேண்டியதில்ல.

கரிமூட்டம்:
வெட்ட ஆளு வேணும்னா சொல்லுங்க தம்பி, எங்க சித்தப்பா செட்டு இருக்கு. வெட்டுனதுக்கு அடிக்கட்டையையும் தோண்டி எடுத்துருவாக, கட்டைக் கரிக்கு விலை ஜாஸ்தி. மெசின விட நாள் ஆகும்.

கலுங்கு:
வெளிய போனவரப் பத்திக் கவலைப்படாதீக. பட்டா சிட்டா பாக்குற அரசு வெப்சைட்ல எந்த நெலம் என்ன வகை, யாரு பேர்லன்னு உள்ள உங்க ஊர் 'அ' பதிவேடும் புல வரைபடமும் சர்வே நம்பர் போட்டு எடுக்கலாம். வாய்க்கால்னு போட்ட நம்பரை எல்லாம் ஒரு நோட்ல குறிங்க. பாசனம் நூறு ஏக்கருக்கு மேல உள்ள கண்மாய்னா நீர்வளத்துறை (முன்ன பொதுப்பணித்துறைல இருந்தது), கொறச்சலா இருந்தா பஞ்சாயத்து யூனியன், அத முதல்ல தெரிஞ்சுக்கங்க, இல்லேன்னா மனுவ வச்சுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா பந்தாடுவாக. அந்தத் துறைக் கண்மாய்க்கு ஆக்கிரமிப்ப எடுக்க 2007லயே தனிச் சட்டம் இருக்கு. மனுவ, தாலுகாவுல வருசா வருசம் வருவாய்க் கணக்குப் பாக்குற ஜமாபந்தில குடுங்க, ரசீது வாங்காம வராதீக.

செம்மண்காரன்:
எடுத்துட்டேன் ஐயா. ரெண்டு நம்பர்ல வாய்க்கால் புறம்போக்குன்னு தெளிவா இருக்கு. மூணாவது நம்பர்ல பட்டா ஏறிருக்கு, ஆனா எடத்துல போய்ப் பாத்தா பள்ளம் அப்படியே தெரியுது, பழைய பாலம் ஒண்ணும் நிக்குது.

கலுங்கு:
பாலம் நிக்குதா, அப்ப போட்டோ எடுத்து வைங்க, பின்னாடி இல்லன்னு சொல்லுவாக. பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர்ல அந்த நம்பர் என்னன்னு இருக்குன்னு தகவல் உரிமைச் சட்டத்துல மனு (ஆர்டிஐ) போடுங்க. நானும் புதன்கிழமை சிவகங்கை போறேன், மனு காப்பிய அனுப்புனா கையோட பாத்துட்டு வாறேன்.

ஊத்தா:
மாப்ள, மீன் குத்தகை என்னாச்சு?

செம்மண்காரன்:
அது அடுத்த கூட்டம். ஒரே நாள்ல எல்லாரையும் பகைச்சுக்க முடியாது.